முதல் கண்காட்சி நடத்தப் போகும் மருமகளுக்கு

மருமகளே,

வருகிற தை மாதம் உங்கள் ஊரில் காய்கனி, தானியக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், அதை முன்னின்று நடத்தும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று உன் அப்பா போனில் சொன்னான். "அக்கா, அவ பயப்படுறா. நீ நாலு வார்த்தை சொல்லு" என்றான். பயப்படுவது நல்லதுதான். பயமே இல்லாமல் பொறுப்பேற்கிறவர்கள் மைக்கைப் பிடித்துக்கொள்வார்கள். வேலையைப் பிடிக்க மாட்டார்கள்.

நம் காரைக்காலுக்கு இது புதிய விஷயம் இல்லை. பொங்கலை ஒட்டி நடக்கும் கார்னிவலில் மலர், காய், கனிக் கண்காட்சியை நீ சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாய். அது அரசாங்கம் நடத்துவது. அதற்கு ஆள் உண்டு, அம்பு உண்டு, வாசலில் பூவால் செய்த மயில்கூட உண்டு. ஊர்க் கண்காட்சிக்கு அதெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, வாடகைப் பந்தல், நாலு பிள்ளைகள், அப்புறம் நீ. மாதர் குழுவில் இருந்த நாள்தொட்டு இரண்டிலும் ஓடியாடியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நினைவுக்கு வந்த வரிசையில் எண் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

1. நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் ஊரைச் சுற்றி நட. நோட்டீஸைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எப்போதும் வருகிறவர்கள்தான். வராதவர்களைத்தான் நீ தேட வேண்டும். அவர்கள் கொல்லைப்புறத்தில் இருப்பார்கள். ஒரு கிழவி பந்தலில் புடலங்காய் விட்டிருந்தாள்; ஒவ்வொரு காயின் நுனியிலும் சின்னக் கல்லைக் கட்டி, நூல் பிடித்தாற்போல நேராக இறக்கியிருந்தாள். "கண்காட்சிக்குக் கொண்டு வா ஆயா" என்றதற்கு, "இதையெல்லாமா வைப்பாங்க? இது குழம்புக்கு வச்சது" என்றாள். குழம்புக்கு வைத்ததைத்தான் வைக்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார வேண்டியிருந்தது. அந்தச் சாயங்காலத்தை வீண் என்று நினைத்துவிடாதே. பெரிய தெருவில் தொடங்கிப் பெரிய தெருவிலேயே முடித்துவிடாதே. காலனிக்குப் போ, பள்ளிவாசல் தெருவுக்குப் போ, கடற்கரைக் குப்பத்துக்கும் போ. மணல் கொல்லையில் முருங்கையும் வெள்ளரியும் எப்படி வரும் என்று அங்கே போனால்தான் தெரியும். ஒரு முறை குப்பத்துப் பெண்கள், "எங்க வெளைச்சல் கருவாடுதான், அத வைக்கலாமா?" என்று கேட்டார்கள். குழுவில் பாதிப் பேர் மூக்கைப் பொத்தினார்கள். வைத்தோம், காற்று போகிற பக்கமாகப் பார்த்து. கூட்டம் அதிகம் நின்றது அங்கேதான்.

2. தேதியைக் காலண்டரைப் பார்த்துக் குறிக்காதே, வயலைப் பார்த்துக் குறி. நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்தார்கள் என்று பேப்பரில் வரும். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் ஊர்ந்து நம் மதகைத் தொடுவதற்குள் மேல்மடையில் நாற்று விட்டிருப்பார்கள். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கியது 7 டிஎம்சி. அது நம் காரைக்கால் வயலுக்காகத்தான். 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே வைத்தது. ஆனால் தீர்ப்பில் இருக்கும் தண்ணீரும் மதகில் வரும் தண்ணீரும் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு வருஷம் தை முதல் வாரமே அறுவடை முடிந்துவிடும். இன்னொரு வருஷம் மாசி வரை இழுக்கும். அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறவரைக் கேள். ஊரில் எந்த வயல் எப்போது என்று அவர் நோட்டில் எழுதி வைத்திருப்பார். உழவர் உதவியகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். முகூர்த்த நாள் வேண்டாம். சனிக்கிழமையும் வேண்டாம்; திருநள்ளாறு போகிற வண்டிகளுக்கு நடுவில் தட்டும் கூடையுமாக ஒருவரும் வந்து சேர முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் 2008 நவம்பரில் நிஷா புயல் நம் கரையில் ஏறியதையும், 2018 நவம்பரில் கஜா வந்ததையும் நினைவுபடுத்து. அதற்குமேல் பேச மாட்டார்கள்.

3. விதிகளைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடு. இங்கிலாந்தில் இந்த மாதிரி ஊர்க் கண்காட்சிகள் கிராமத்துக்குக் கிராமம் நடக்கும். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்று 1804இல் தொடங்கிய சங்கம் ஒன்று, எந்தக் காயை எப்படி மதிப்பிட வேண்டும் என்று புத்தகமே போட்டிருக்கிறது. ஆறு கேட்ட இடத்தில் ஏழு வைத்திருந்தால், காய் எவ்வளவு அருமையாக இருந்தாலும் நடுவர் "பட்டியல்படி இல்லை" என்று ஒரு சீட்டை அதன்மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்; அந்தச் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. எண்ணிக்கை தப்பாக இருந்தால் வாசல் மேசையிலேயே சொல்லி, ஒன்றை எடுத்து அவர் பையில் போட்டுக் கொடுத்துவிடு. நடுவர் பார்க்கும்வரை காத்திருந்து தள்ளுபடி செய்வது நியாயமாக இருக்கலாம், மனுஷத்தனமாக இராது.

கத்தரிக்காய் ஐந்து, வெண்டை பத்து, பரங்கி ஒன்று, முருங்கை ஆறு, கீரை ஒரு கட்டு, நெல் ஒரு படி, கதிர் ஒரு பிடி என்று எண்ணிக்கையையும் அளவையும் திட்டமாகச் சொல். பட்டியல் போடும்போது மாதத்தை மறந்துவிடாதே. தையில் "புது உளுந்து" என்று கேட்டால் ஊர் சிரிக்கும். சம்பாக் கதிர் நிற்கும்போதே அடியில் உளுந்தும் பயறும் விதைத்து, அறுத்தபின் மிஞ்சிய ஈரத்தில் அது வளர்ந்து, பங்குனி வாக்கில்தான் கைக்கு வரும். போன வருஷத்து உளுந்தை "சேமித்த விதை" என்று தனிப் பிரிவாக வை. பூச்சி அரிக்காமல் சாம்பலோ வேப்பிலையோ போட்டுக் காப்பாற்றியவர்களுக்கு அப்போதுதான் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். பெரும்பாலும் அவர்கள் பெண்களாக இருப்பார்கள்.

4. எல்லைத் தகராறு ஒன்று கட்டாயம் வரும். 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து 1954 நவம்பர் 1ஆம் தேதி கைமாற்றிவிட்டுப் போன பூமி நம்முடையது. சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் தமிழ்நாடு. வீடு புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில், வயல் தமிழ்நாட்டில் என்று இருப்பவர்கள் ஓரத்து ஊர்களில் நிறைய. "அவர் நெல் தமிழ்நாட்டு நெல், சேர்க்கக் கூடாது" என்று ஒருவர் எழுந்து நிற்பார். பட்டாவைக் கேட்காதே. இந்த ஊரில் உலை வைக்கிறவர் எல்லோரும் இந்த ஊர்க்காரர்தான் என்று முதல் விதியாகவே எழுதிவிடு.

5. இது எனக்கு மிகவும் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சீட்டில் யார் பெயரை எழுதுகிறாய் என்பதில் கவனமாக இரு. ஒரு கண்காட்சியில் அருமையான வாழைத்தார் ஒன்று பந்தலின் நடுவில் நின்றது. சீப்புக்குச் சீப்பு அளந்து வைத்த மாதிரி, ஒரு காய் கறுக்கவில்லை. நிலத்துக்காரர் பெயரில் முதல் பரிசு. அவர் நல்ல மனிதர்தான், மாலையும் போட்டுக்கொண்டார். பந்தலுக்கு வெளியே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், அந்த வாழைக்கு முட்டுக் கொடுத்தவர், பக்கக்கன்று நீக்கியவர், மழையில் வடிகால் வெட்டியவர் தன் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அந்தத் தாரைக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் என்ன கேட்டானோ, அவர் பதில் சொல்லாமல் அவனை இறக்கிவிட்டார்.

அடுத்த வருஷம் சீட்டில் இரண்டு வரி போடச் சொன்னோம்: நிலம் யாருடையது, வளர்த்தது யார். பரிசு இரண்டாவது வரிக்கு. பெரிய சண்டை வந்தது. "கூலி கொடுத்தாச்சே" என்றார்கள். கூலி உழைப்புக்கு, பரிசு அக்கறைக்கு. அக்கறைக்குக் கூலி கொடுத்தவர் யாரும் இல்லை என்று ஒரு பெரியவர், அவரும் நிலத்துக்காரர்தான், எழுந்து சொன்னபிறகே அடங்கியது. குத்தகைதாரர், கூலிக்குப் பார்ப்பவர், புருஷன் பெயரில் இருக்கும் கொல்லையில் பாடுபடும் பெண்டாட்டி என்று எல்லோருக்கும் அந்த இரண்டாவது வரி வேண்டும். பெண்களிடம் பெயர் கேட்டால் புருஷன் பெயரைச் சொல்வார்கள். நீ விடாமல் இன்னொரு முறை கேள்.

6. வாசல் மேசையில் உட்காருகிறவர் முகம்தான் கண்காட்சியின் முகம். அங்கே கெட்டிக்காரரை உட்காரவைக்காதே, பொறுமைசாலியை உட்காரவை. "இவ்வளவுதானா?" என்ற சொல்லை அந்த மேசையிலிருந்து அடியோடு விலக்கிவிடு. நாலு சின்னக் கத்தரிக்காயோடு ஒருவர் வருவார். அவர் மண் எந்த மண் என்று உனக்குத் தெரியுமா? 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் ஏறி வந்து உட்கார்ந்துவிட்டுப் போன வயல்கள் நம் கரையோரத்தில் உண்டு. உப்பு இறங்கப் பல மழை பிடித்தது. அந்த மண்ணில் விளைந்த சின்னக் காய்க்கும், ஆற்றுப் படுகையில் விளைந்த பெரிய காய்க்கும் பின்னால் இருக்கும் பாடு ஒன்றல்ல. கொண்டுவந்தவர் திரும்பிப் போகும்போது வந்ததைவிட நிமிர்ந்து போக வேண்டும். நீ ஏற்றுக்கொண்ட வேலை அதுதான். காயை அடுக்குவது அதில் ஒரு பகுதி.

7. பறிக்கிற விஷயத்தை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடு. கீரையும் பூவும் விடியற்காலையில். அடியில் ஈரத் துணி சுற்றி வர வேண்டும். கத்தரிக்காயைக் காம்போடு, பாவாடை வாடாமல். வெண்டையைக் கழுவ வேண்டாம், கழுவினால் கறுக்கும். பரங்கிக்குக் காம்பு கொஞ்சம் நீளமாக இருந்தால் அழகு, ஆயுளும் கூடும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிக் கொண்டுவருவார்கள். துடைத்துவிட்டு வைக்கச் சொல், திட்டாதே.

8. சுரைக்காய்க்கு ஒரு காவல் போடு. பார்க்க வருகிற நம் சனம் கண்ணால் பார்ப்பதில்லை, நகத்தால் பார்க்கும். பிஞ்சா முற்றலா என்று ஆளுக்கொரு கீறல் வைத்துவிட்டுப் போவார்கள். வெண்டைக்கு நுனியை ஒடிப்பார்கள். கடைத்தெருவில் பழகிய கை, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "தொடாதீர்" என்று அட்டை வைப்பதைவிட, பக்கத்தில் ஒரு தட்டில் நாலு சுரைப்பிஞ்சும் கொஞ்சம் வெண்டையும் போட்டு, "இதைக் கீறிப் பாருங்கள்" என்று எழுதி வை. வேலை செய்யும்.

9. நடுவர்கள் வெளியூரிலிருந்து வரட்டும். நமக்கு அதில் குறையே இல்லை. செருமாவிலங்கையில் பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது, மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. முறையாகக் கடிதம் எழுதிக் கேள், ஒரு மாதம் முன்னால். உள்ளூர்க்காரரை நடுவராகப் போட்டால் அவர் நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னாலும் ஊர் நம்பாது. மச்சானுக்குக் கொடுத்தால் பாசம், கொடுக்காவிட்டால் பழைய பகை. தட்டில் எண் மட்டும் இருக்கட்டும், பெயர் உன் நோட்டில். அந்த நோட்டு நடுவர் போகும்வரை உன் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. மந்திரி கேட்டாலும்.

நடுவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பெரிதுக்கே பரிசு என்று போய்விடாமல், ஒரே சீராக இருக்கிறதா, அந்த ரகத்துக்கு உரிய குணம் இருக்கிறதா, பூச்சி இல்லாமல் இருக்கிறதா, சமைத்தால் வாய்க்கு நன்றாக இருக்குமா என்று பார்க்கட்டும். வெற்றி பெற்ற தட்டின் பக்கத்தில் ஏன் கொடுத்தோம் என்று ஒரு வரி எழுதச் சொல். அந்த ஒரு வரியைத்தான் அடுத்த வருஷம் போட்டியிடப் போகிறவர் வந்து வந்து படிப்பார். ஊட்டியில் 1896இலிருந்து மலர்க் கண்காட்சி நடக்கிறது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறி. பழத்தால் யானையும் காயால் கோட்டையும் செய்து வைப்பார்கள், ஆயிரக்கணக்கில் ஜனம் பார்க்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போகிறவர் வாயைப் பிளந்துவிட்டு வருவார். உன் கண்காட்சிக்கு வருகிறவர், "அவன் எந்த உரம் போட்டான்?" என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

10. பரிசாகக் கோப்பை வாங்காதே. அலமாரிமேல் தூசி பிடிக்கும். களைக்கொட்டு, மண்வெட்டி, நல்ல விதைப் பொட்டலம், கைத்தெளிப்பான், கையில் புழங்கித் தேய்ந்துபோகும் எதுவும் சரி. எல்லோருக்கும் பரிசு என்றும் போகாதே. அது இரக்கம் போலத் தெரியும். உண்மையில் நன்றாகச் செய்தவரை அவமதிப்பது. பூச்சிமருந்துக் கடைக்காரர் செலவு முழுவதையும் ஏற்கிறேன், வாசலில் என் பேனர் மட்டும் என்று வருவார். பணத்தை வாங்கினால் வாசல் அவருடையதாகிவிடும். பார்த்துக்கொள்.

11. நெல்லுக்குத் தனி இடம் கொடு, நல்ல வெளிச்சத்தில். நம் மண்ணில் நெல்தான் பெரியவீட்டுப் பிள்ளை. கதிர்ப் பிடியில் மணிகள் நிறைந்திருக்கிறதா, பதர் எத்தனை, கலப்பு ரகம் எட்டிப்பார்க்கிறதா என்று பார்ப்பார்கள். ஈரமான நெல்லை வாங்காதே. அரசு கொள்முதலுக்கே 17 சதவீத ஈரம்தான் உச்சம். நீ அதைவிடக் காய்ந்ததைக் கேள். பல்லில் கடித்தால் "டிக்" என்று இரண்டாக உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. முதல் நாள் இரவே நெல் வந்துவிட்டால் யாராவது ஒருவர் அந்த அறையில் படுக்க வேண்டும், திருடனுக்காக இல்லை, எலிக்காக.

பழைய ரகங்களைக் கெஞ்சியாவது வரவழை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, தூயமல்லி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொட்டானில் ஒளிந்திருக்கலாம். உப்பு மண்ணைத் தாங்கும் குழியடிச்சானை வைத்திருப்பவர் யாராவது கரையோரத்தில் இருந்தால், அவருக்கு முன்வரிசை கொடு. பக்கத்திலேயே, திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006இல் இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா வழிகாட்ட நெல் ஜெயராமன் நெல் திருவிழா தொடங்கினாரே, அங்கே ஒரு வழக்கம் வைத்தார்கள். வருகிற உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அவர் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, நம்பிக்கைதான். அப்படிப் பரப்பியே 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார் அந்த மனிதர். 2018 டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார், விதை நின்றுவிடவில்லை.

உன் கண்காட்சியிலும் ஒரு மூலையில் விதை மேசை போடு. கொடுத்ததை நோட்டில் எழுது. திருப்பிக் கொடுக்காதவர்களும் இருப்பார்கள். மழை அழித்திருக்கும், அல்லது மனசு வந்திராது. அடுத்த வருஷம் அவர்களையும் கூப்பிடு, பாக்கியைப் பற்றிப் பேசாமல். கூப்பிட்டதற்கே வெட்கப்பட்டு விதையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

12. பணத்துக்கு இரண்டு பேர். ஒருவர் வாங்க, ஒருவர் எழுத. பத்து ரூபாய்க்கும் ரசீது. முடிந்த மூன்றாம் நாள் வரவு செலவைக் கோயில் சுவரிலும் பள்ளிவாசலுக்கு எதிர்க் கடையிலும் மாதா கோயில் வாசலிலும் ஒட்டிவிடு. நல்லவள் என்று பெயர் எடுத்தவளுக்குத்தான் இது அதிகம் தேவை. நல்ல பெயரைச் சாக்காக வைத்துக் கணக்குக் காட்டாமல் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள். மைக் செட்டுக்குப் போலீஸ் அனுமதி, இடத்துக்குத் தலைமையாசிரியர் அனுமதி, குப்பைக்கும் தண்ணீருக்கும் கொம்யூன் பஞ்சாயத்து என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. வாய்ச்சொல் மாற்றலாகிப் போய்விடும்.

13. மேடையைச் சின்னதாகப் போடு. பெரிதாகப் போட்டால் அதை நிரப்ப ஆள் வருவார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வருவார். அதுவரை கீரை காத்திருக்காது. ரிப்பன் வெட்டும் முன்பே மதிப்பீட்டை முடித்துவிடு. அவர் வராவிட்டாலும் கண்காட்சி நடக்கிற மாதிரி ஏற்பாடு செய். அது தெரிந்தால் அவர் சீக்கிரமே வந்துவிடுவார்.

14. யாராவது உன்னிடம் கத்துவார்கள். பரிசு கிடைக்காதவர், தட்டை ஓரத்தில் வைத்துவிட்டாய் என்கிறவர், மருமகள் காய்க்குப் பரிசு வந்து தன் காய்க்கு வராத மாமியார். இந்தக் கடைசி வழக்கைத் தீர்க்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது, நீயும் முயலாதே. மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடு, உட்காரவை, முழுவதும் கேள். பதில் சொல்ல அவசரப்படாதே. ஒரு வருஷம் முழுக்கப் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றியவருக்கு அரை மணி நேரம் கோபப்பட உரிமை உண்டு. உன் பிள்ளைகளிடம், அதாவது தொண்டு செய்ய வந்த பையன்கள் பெண்களிடம், நீ கத்தாதே. காலையில் தேநீர், மதியம் புளிசாதம், நடுவில் ஒரு "நல்லாப் பண்றே" என்ற சொல். முதல் இரண்டையும் எல்லோரும் மறக்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

15. கொண்டுவந்த பொருளைக் கொண்டுவந்தவருக்கே திருப்பிக் கொடு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வீட்டுக் கூரைமேல் நின்று மாம்பழம் இறைக்கிற ஊர்க்காரி நீ. காரைக்கால் அம்மையாரான புனிதவதியார் கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் கொடுத்தனுப்பியது இரண்டு கனி. ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்டாள். புருஷன் இலை முன் உட்கார்ந்து, மிஞ்சிய ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதையும் கேட்டான். அம்மையாருக்குக் கை நீட்டினால் கனி வந்தது. உனக்கும் எனக்கும் வராது. சாயங்காலம் ஒருவர் வந்து, "என் தேங்காய் எங்கே?" என்று கேட்கும்போது, "யாரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே. வாங்கும்போது கொடுத்த சீட்டில் பாதியைக் கிழித்து அவர் கையில் கொடு, அதைக் காட்டினால் பொருள். விதைக்கென்று வைத்த முற்றல் காயாக இருந்தால் அவருக்கு அது ஒரு பருவத்துக் கையிருப்பு. விருந்தினர்களுக்குப் பையில் போட்டு அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்து. கேட்டு, அவரே மனசார "எடுத்துக்கங்க" என்று சொன்னால் மட்டும். வேண்டாம் என்று விட்டுப்போன காய்களை அன்றைக்கே பள்ளிச் சத்துணவுக்கோ அங்கன்வாடிக்கோ சேர்த்துவிடு, மறுநாள் வாடிப்போனதைக் கொடுக்காதே.

16. முடிந்த பிறகும் இரண்டு நாள் வேலை இருக்கிறது. அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். இப்போதே நாலு பேரிடம் அந்த இரண்டு நாளுக்கென்று வாக்கு வாங்கி வை. பந்தல் கால் பிடுங்கிய குழிகளை மண் போட்டு மூடு, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். இலை, தழை, அழுகல் எல்லாம் ஒரே குழியில் போகட்டும், எருவாகும். நடுவர்களுக்கு நன்றிக் கடிதம், தட்டும் தராசும் கொடுத்த வீடுகளுக்கு நேரில் போய் ஒரு வார்த்தை. புடலங்காய்க் கிழவி மாதிரி யாராவது முதல்முறை வந்திருந்தால் அவர்கள் வீட்டுக்கு முதலில் போ. அடுத்த வருஷத்துக்கு என்ன விதைக்கப் போகிறார்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள். பெஞ்சுகளைக் கழுவி, எந்த வகுப்பிலிருந்து எத்தனை எடுத்தீர்களோ அந்தந்த வகுப்பிலேயே ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் போட்டுவிடு. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் உட்கார வேண்டும்.

ஏதாவது விட்டுப்போயிருந்தால் போன் பண்ணு. மதியம் இரண்டு மணிக்குமேல். அதுவரை நான் கொல்லையில் இருப்பேன்.

உன் அத்தை